பதினெட்டுக்குக் கீழே

கிராம சபைப் பதிவேட்டில் மூன்று கட்டங்கள்:
வரிசை எண், பெயர், கையெழுத்து.
வயதுக்குக் கட்டம் கிடையாது.
தேவைப்படாது என்று நினைத்திருப்பார்கள்.

சித்திரைப்பேட்டை. அக்டோபர் இரண்டு.
மேலக்காற்று. சிப்காட் வாடை
கூடத்துக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்திருந்தது.
பொருள் ஏழு: புயல் பாதுகாப்பு மையம் பழுதுபார்த்தல்.
தொகை நான்கு லட்சத்து எண்பதாயிரம்.
முகப்பில் ஒரு வளைவு வேண்டும் என்றார் தலைவர்.
வளைவில் யார் யார் பெயர் என்பதில்
ஒரு மணி நேரம் போனது.
நீலமா பச்சையா என்பதில் இன்னொரு அரை மணி.
எல்லாவற்றையும் எழுதினேன்.
நான் ஊராட்சிச் செயலர், என் வேலை அது.

தண்ணீர்க் கேன் பக்கத்திலிருந்து
கஸ்தூரியின் மகள் லோகேஸ்வரி எழுந்தாள்.
பத்தாம் வகுப்பு. இடுப்பில் தம்பி.

"உள்ள கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல."

யாரோ சிரித்தார்கள்.
யாரோ "உக்காரும்மா" என்றார்கள்.

"போன கார்த்திகைப் புயலுக்கு ரெண்டு ராத்திரி அங்க இருந்தோம்.
ஆம்பளைங்க படகு பாக்கக் கரைக்குப் போயிட்டாங்க.
கரண்டு இல்ல.
ஒருத்தி உள்ள போனா ஒருத்தி கதவைப் பிடிச்சுக்கணும்.
பதினோரு பொண்ணுங்க, மாத்தி மாத்தி.
காத்து அந்தப் பக்கம் இழுக்கும், நாங்க இந்தப் பக்கம்.
கயலு போகவே இல்ல. ரெண்டு நாளும்.
அப்புறம் ஆஸ்பத்திரிக்குத்தான் போனா."

பிறகு என் பக்கம் திரும்பி,
"எழுதுறீங்களாண்ணா?"

"எழுதறேன்" என்றேன்.
பேனா அசைந்துகொண்டுதான் இருந்தது.
'வளைவு' என்பதன் முதல் எழுத்துக்கு
மறுபடி மறுபடி சுழி போட்டுக்கொண்டிருந்தது.

வாக்காளர் பட்டியலில் இல்லாதவர்
சபை உறுப்பினர் அல்ல.
சட்டம் எனக்குத் தெரியும்.
ஓடும் பேருந்தின் கம்பியைப் போல
அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு
பொருள் எட்டுக்குப் போய்விட்டேன். தெருவிளக்கு.

முடிவில் பதிவேட்டை வாசித்துக் காட்டவேண்டும்.
யாரும் கேட்பதில்லை, செருப்பைத் தேடுவார்கள்.
அன்றும் தேடினார்கள்.
அவள் மட்டும் நின்றாள்.
தம்பி தூங்கிப்போய், தோளெல்லாம் எச்சில்.
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொருள் ஏழு. வளைவு. நீல வண்ணம்.
அதற்கப்புறம் தாளில் ஒன்றுமில்லை.
நான் நிறுத்தவில்லை.
"மையத்தின் கழிப்பறைக் கதவுகளுக்கு
உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை எனவும்,
புயல் இரவுகளில் பெண்பிள்ளைகள்
கதவைப் பிடித்தபடி நிற்க நேர்ந்தது எனவும்,
முதலில் இதைச் செய்யவேண்டும் எனவும்
லோகேஸ்வரி தெரிவித்தார்."

தெரிவித்தார்.
அந்த 'ஆர்' எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.
செருப்புத் தேடியவர்கள் நிமிர்ந்தார்கள்.

"முதல்லன்னு நான் சொல்லலியே" என்றாள்.
கொஞ்சம் யோசித்தாள்.
"ஆனா இருக்கட்டும்."

வாசித்தது தாளில் இருக்கவேண்டும்,
அதுவும் சட்டம்தான்.
தலைவர் பார்த்துக்கொண்டிருக்கவே
உட்கார்ந்து எழுதினேன்.
இடம் போதாமல் வரி ஓரத்தில் ஏறியது.

"நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

பக்கத்துக்குப் பதினெட்டு வரிசை.
கடைசிப் பக்கத்தில் பதினெட்டாவது
கஸ்தூரியின் கைநாட்டு.
கோடு அதோடு முடிகிறது.
அதற்குக் கீழே வெறும் தாள்.
அங்கே போட்டாள்.
'லோ'வின் கொம்பு மேலே ஏறி
அம்மாவின் ரேகையைத் தொட்டது.

தணிக்கைக்கு வருகிறவர் கேட்பார். கேட்கட்டும்.

தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.
ஐப்பசி பிறந்து கடல் நிறம் மாறிவிட்டது.
வீட்டுக்கு வீடு பழைய வலைக்கயிறு அறுத்து
பிள்ளைகள் பைக்குள் வைத்திருக்கிறார்களாம்.
நேற்று அலுவலகம் வந்தவள்
உள்ளே வராமல் சன்னலிலேயே நின்று கேட்டாள்:

"அடுத்த கூட்டம் என்னிக்குண்ணா?
கயலும் பேசுறேன்னு சொல்றா."