ஐந்தாம் இதழ், பதினேழாம் பக்கம்

மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில்
நுழைவுத் தேர்வு கைடுகளுக்கு அடியில்
குப்புறக் கிடந்தேன்.
விலை, பென்சிலில்: நாற்பது.
அச்சிட்டபோது இரண்டே கால்.
இடையில் என்னிடம் கூடியது அது ஒன்றுதான்.

மழை தார்ப்பாயைத் தட்டிக்கொண்டிருந்தது.
சயானில் ஒரு ஏ.டி.எம். வாசலில்
இரவுக் காவல் எனக்கு; எட்டு மணிக்குப் போனால் போதும்.
சீருடைக்குள் தோள்பட்டை
இன்னமும் இறக்கை நினைப்பில் அரிக்கும்.

அட்டையில் கரும்பருந்து.
இத்தனை அகல மார்பு எனக்கு எப்போதும் இருந்ததில்லை.
யாரோ பேனாவால் மீசை வைத்திருக்கிறார்கள்.
உள்ளே, ஊதா மையில், உருண்டை உருண்டையாய்:
மு. சுடலைவடிவு, ஆறாம் வகுப்பு ஆ, தாராவி.
திருடாதே, சாமி கண்ணைக் குத்தும்.

தெரிந்த கதைதான்.
ஆண்டாப் ஹில், தண்ணீர்த் தொட்டி, ஒடிந்த ஏணி,
ஏணியின் கடைசிக் கம்பியில் ஒரு பையன்.
எதிர்ப்பக்கம் நகைப்பெட்டியோடு ஓடுகிறான் ஒருவன்.
ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் பாயப்
பருந்தாலும் முடியாது
என்று விசாரணையில் சொன்னேன்.
மூன்று கிளாஸ் உள்ளே போயிருந்ததைச் சொல்லவில்லை.
பெட்டியைப் பிடித்தேன்.

படம் வரைந்தவர் நல்ல மனிதர்.
"பையன் செத்தா புத்தகம் விக்காது தம்பி" என்று
தூரிகையை வேட்டியில் துடைத்துவிட்டு
என் கையில் அவனைக் கொடுத்தார்.
மஞ்சள் வானம். 'சபாஷ்!' என்று ஒரு குமிழி.
அதன்மேல் ஏறித்தான்
அப்புறம் இருபத்தாறு இதழ்கள் பறந்தேன்.

பதினேழாம் பக்கம்.
வானம் இருக்கிறது. குமிழி இருக்கிறது.
நீட்டிய என் கை இருக்கிறது.
பையன் இல்லை.
பிளேடால் வெட்டி எடுத்திருக்கிறாள்.
ஓட்டை வழியே, பின்னாலிருந்த
பல்பொடி விளம்பரம் சிரித்தது.

நியாயம்தானே என்று மூடப் போனவன்
ஓரத்தைப் பார்த்தேன்.
கோபத்தில் வெட்டியிருந்தால்
காதுமடலுக்கு இப்படி வளைந்து கொடுத்திருக்கமாட்டாள்.
கலைந்த முடியின் ஒவ்வொரு நுனியிலும்
நின்று நின்று போயிருக்கிறது பிளேடு.
பக்கத்தில், சின்னதாய்: கொம்பையா.

கொம்பையா.
விசாரணைத் தாளில் 'சிறுவன், வயது ஒன்பது'.
நானும் கேட்டதில்லை.

வீட்டில் போட்டோ இருந்திருக்காது.

மறுபடி என் கையைப் பார்த்தேன்.
அவன் மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரல்களை
விலக்கி வெட்ட அவளுக்கு வரவில்லை.
இரண்டு விரல் அவனோடு போயிருக்கிறது.
எந்த டிரங்குப் பெட்டியில், எந்தச் சாமி படத்துக்குப் பின்னால்
இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறதோ.

"கிழிஞ்சிருக்கு பாய், இருபதுக்குக் கொடு"
பழக்க தோஷத்தில் வாய் பேரம் பேசியது.
அவன் தலையாட்டினான்.
இரண்டு பத்து. எண்ணிக் கொடுத்தேன்.
எட்டு மணிக்கு இன்னும் நேரமிருந்தது.