கதவு எண் பதினேழு

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி
பழைய கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்
நாற்பது வாட் பல்பு ஒன்றை
நான்கு நாளாக எரியவிட்டிருக்கிறேன்.
கோத்தகிரியில் ஆடி மாதம்
தீப்பெட்டியே குளிர்காய வேண்டியிருக்கும்.
இதுவோ பன்னிரண்டு வருஷம் பரணில் கிடந்த பெட்டி.

கட்டபெட்டிலிருந்து ஹாலன் வந்திருந்தார்.
சொட்டும் குடையை வாசலிலேயே விட்டுவிட்டு,
"ரெண்டாயிரத்தி ஆறுல நான் போட்ட இலைக்கணக்கு
உங்ககிட்ட இருக்குமாமே, வயலட் மேடம்?
கோர்ட்டுல கேக்கறாங்க."
பாக்டரி மூடியாயிற்று.
மேனேஜர் செத்தாயிற்று.
லெட்ஜரெல்லாம் பாய்லருக்குப் போயிற்று.
மிச்சம் இது ஒன்றுதான்,
சம்பள பாக்கிக்குப் பதிலாக
என் தலையில் கட்டியது.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து விண்டோஸ்.
பென் டிரைவைச் செருகினால் டிரைவர் கேட்கிறது.
டிரைவர் இருப்பது சிடியில்.
சிடி தட்டு பாதி திறந்து
பல்வலிக்காரன் வாய் போல நிற்கிறது.
வைஃபை என்று ஒன்று உண்டென்பதே
அதன் காதுக்கு எட்டவில்லை.
"புதுசா கார்டு போடலாம் ஆன்ட்டி" என்றான்
மாடியில் குடியிருக்கும் டெரன்ஸ்.
"ஆனா இத உள்ள விடணும்னா
நம்ம பூட்ட ஒரு படி தளர்த்தணும்."
வேண்டாம் என்றேன்.
வயர் இழுத்தோம்.

டானிங்டனில் வாங்கிய முப்பது மீட்டர் நீல வயர்.
ஒன்றரை அடிக் கருங்கல் சுவரைத் துளைக்க முடியாமல்
சமையலறைப் புகைபோக்கி வழியே மேலேற்றி
தகரக் கூரையின் ஓரமாக நடத்தி
குரங்கு பிடுங்காமலிருக்க
பிவிசி குழாய்க்குள் ஒளித்து
மாடி ரூட்டரில் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.
பின்கட்டில், பாக்டரி காலத்து லான் கார்டில்
மறுமுனை 'டிக்'கென்று உட்கார்ந்தது.

எல்லாவற்றுக்கும் தெருப்பெயர் ஒன்றாக இருக்க வேண்டுமாம்,
கதவு எண்தான் வேறு.
ரூட்டருக்கு ஒன்று.
என் லேப்டாப்புக்கு ஐந்து.
"இதுக்கு?"
பதினேழு என்றேன்.
ஏன் பதினேழு என்று அவன் கேட்கவில்லை,
நானும் யோசிக்கவில்லை.

லேப்டாப்பிலிருந்து பிங் தட்டினேன்.
பதில் இல்லை.
பதில் இல்லை.
கரண்ட் போயிற்று.
பல்பும் அணைந்த இருட்டில்
கூரைமேல் மழை மட்டும்
யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கரண்ட் வந்தபோது
கார்டின் ஓரத்தில் கடுகளவு பச்சை.
மறுபடி தட்டினேன்.
நான்கு முறை கேட்டேன்.
நான்கு முறையும்
இருக்கிறேன் என்றது.

ஃபைல்கள் இறங்கின,
ஏற்றத்தில் இலைமூட்டை சுமந்து வருகிறவர்கள் மாதிரி
நின்று நின்று.
ஆறாம் வருஷத்தைத் திறந்தேன்.
தேதி, பெயர், எடை, ஈரக்கழிவு, நிகரம்.
ஹாலன், நாற்பத்தொரு கிலோ,
ஈரத்துக்கு ஏழு போக முப்பத்துநான்கு.
நூற்றுக்குப் பதினேழு.

விரலுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

ஜூலையில் சரி, இலையில் தண்ணீர் நிற்கும்.
நவம்பரிலும் சரி.
பிப்ரவரி?
உறைபனியில் கொழுந்து கருகி
பொதுக்குழாயில் குடத்தோடு நாங்கள் அடித்துக்கொண்ட
அந்தப் பிப்ரவரி முழுக்கப் பதினேழு.
ஹாலனுக்கு, பெள்ளிக்கு, மாதிக்கு,
சிலோனிலிருந்து வந்து அரை ஏக்கர் வைத்திருந்த
செபமாலைக்கு.
மேனேஜர் சொன்னார், அடித்தேன்.
என்னதான் சொன்னாலும் அடித்தது நான்.
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
தயாரித்தவர் என்ற இடத்தில்
என் பெயர் முழுசாக.

"வந்துடுச்சா ஆன்ட்டி?"
"வந்துடுச்சு."

பெயரை மட்டும் அழிப்பது ஒரு நொடி வேலை.
அழிக்கும் பட்டனை
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெட்டியை அணைத்தேன்.
பல்பைக் கழற்றினேன், சுட்டது.
உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தேன்.
ஈரம் துளியும் இல்லை.

ஹாலன் நம்பரை அழுத்தினேன்.
முழு ரிங் போய் நின்றது.
கட்டபெட்டில் மழையாக இருக்கும்.
மறுபடி அழுத்தினேன்.