நாற்பத்தேழாம் எண்

பொம்மனஹள்ளி, மூன்றாவது மாடி, இரவு இரண்டரை.
எனக்கென்று ஒதுக்கியது நாற்பத்தேழாம் எண்ணை.
லூபோர் யெச்மினெக். செக் நாட்டான். இடது ஓரம் ஆடுபவன்.

கறுப்புத் தட்டு அவன் மட்டைக்கு வந்தால் ஒரு சொடுக்கு,
போனால் ஒன்று,
விழுந்தால் சிவப்புச் சதுரம்.
பனியென்றால் எனக்கு
ஃப்ரீசரில் மத்தி மீன்மேல் படிவதுதான்.

எங்களுக்கு வரும் காணொளியில் ஒலி இல்லை.
கண்ணாடிக்குப் பின்னால் எட்டாயிரம் வாய் திறக்கும்.
அது அவன் பெயர்தான் என்று
உதட்டை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு குளிர்காலம் ஆயிற்று.
'மி' வரும்போது எல்லோருக்கும் பல் தெரியும்.

ஆறு பருவம்.
வெளியே ஓசூர் சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
அவன் கோப்பை தூக்கினான், மூக்கை உடைத்துக்கொண்டான்,
பிள்ளைகள் முதுகில் அவன் எண்ணோடு அலைந்தார்கள்.
எனக்கு ஒரு பி.எஃப். எண் வந்தது.

திரும்புமுன் அந்த வலது முழங்கால்
கால் நொடி தயங்கத் தொடங்கியதை
முதலில் பார்த்தது நான்.
குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு.
இரண்டு பருவம் அதைக் காலியாகவே விட்டேன்.
பக்கத்து நாற்காலி பிரபாவதி மட்டும் கேட்டாள்,
'ஏன்டி, அவன் என்ன உனக்கு உறவா?'

எப்படியோ தெரிந்துவிட்டது அவர்களுக்கு.

கடைசி ஆட்டம் முடிந்து
தட்டில்லாமல், தனியாக, ஒரு சுற்று வந்தான்.
எழுந்து நின்றார்கள். எட்டாயிரம் 'மி'.
சொடுக்க ஒன்றுமில்லை.
மௌசிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

நீங்கள் செயலற்று இருக்கிறீர்கள், என்றது திரை.

நான்கு நிமிடம்.
மாதக் கடைசியில் பிடித்தம் ஒன்பது ரூபாய்.
டிக்கெட் என்று வைத்துக்கொண்டேன்.