துறைமுகம் மூடிய இரவு

புந்தா அரேனாஸில் வீடு வரைகிறவள்
முதலில் காற்றிடம் கேட்க வேண்டும்,
வாசல் எந்தப் பக்கம் என்று.
மேற்கே வைத்தால் கதவு கையோடு போய்விடும்.
அப்புறம்தான் மருத்துவமனையிடம் கேட்கலாம்.

மருத்துவமனை கேட்டது
நாற்பது நாற்காலி, ஒரு கவுண்டர்,
அலம்பினால் உடனே காயும் தரை,
எண் ஒளிரும் பலகை.
வரைந்து சுருட்டிக்கொண்டு போய்
எடுவினா பார்ரியாவின் முன் விரித்தேன்.
குடலில் புற்று, ஆறாவது கீமோ.
நண்டு உறையவைக்கும் ஆலையில்
இருபது வருஷம் நின்ற கால்கள்.

விரல்நுனி மரத்திருந்ததால்
பென்சிலை முஷ்டியில் பிடித்தாள், கரண்டிபோல.
பலகையை அடித்தாள்.
"ஆலையில் நான் எழுபத்தொன்று. அது போதும்."
கவுண்டரை அடித்தாள்.
"இதுக்குப் பின்னாடி யார் ஒளியப் போறாங்க?"
கதவின் கைப்பிடியில் நின்றாள்.
"எஃகா?
இந்த மருந்து உடம்பில் ஓடும்போது
குளிர்ந்த எதைத் தொட்டாலும் முள், தெரியுமா உனக்கு?"

தெரியாது.
எஃகை அழித்து லெங்கா மரம் என்று எழுதினேன்.

"கழிப்பறைக் கதவு தரைவரைக்கும் இறங்கட்டும்.
உள்ளே வாந்தியோ அழுகையோ,
வெளியே ரேடியோ மட்டும் கேட்கணும்."
பிறகு மாத்தே.
ஒரே குழல் வாய்க்கு வாய் சுற்றிவரும் ஊர் இது.
இங்கே அது ஆகாது, கிருமி.
"ஆளுக்கொரு குழல். மாட்ட ஆணி."
சுவரில் பன்னிரண்டு புள்ளி குத்தினாள்,
ஒன்றும் நேர்கோட்டில் இல்லை.
அப்படியே அடிக்கச் சொன்னேன்.

எனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டேன்.
கிழக்கே, ஜலசந்தியைப் பார்த்து,
நான்கு மீட்டர் கண்ணாடி, அதன்கீழ் மெத்தைத் திண்டு.
எடுவினா அதை அடிக்கவில்லை.
"படகு தெரியுமா?" என்றாள்.
"நன்றாகத் தெரியும்."
"ம்," என்றாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்
துறைமுகத்தை மூடினார்கள்.
போர்வெனிர் என்றால் வருங்காலம்;
அக்கரையில் இருக்கிற அந்த ஊருக்கு
அன்றைக்குப் படகு இல்லை.
ஊசி முடிந்த நாலு பேர்
பையோடு திரும்பி வந்தார்கள்.
துணைக்கு இருக்கிறேன் என்று எடுவினாவும்.
பத்து மணிக்குக் காவலர் விளாடிஸ்லாவ் அழைத்தார்.
"அம்மா, மேசையை நகர்த்திட்டாங்க."

போனேன், கொஞ்சம் கோபமாகவே.
நீள மேசை பக்கவாட்டில் கவிழ்ந்து
என் கண்ணாடியை அடைத்துக்கொண்டு நின்றது.
விளிம்பில் ஊதல்.
காற்று கிழக்கே திரும்பாது என்று
எந்தப் புத்தகத்தில் படித்தேன்?
மெத்தைகளை உருவி அடுப்பைச் சுற்றிப் போட்டிருந்தார்கள்.
கோட்டுகளே போர்வை.
ஒருவர் சாக்ஸ் அடுப்புக்கம்பியில் காய்ந்தது.
எவருடையதோ தொப்பி கழன்று
மொட்டைத்தலை ஒன்று ஒளியில் பளபளத்தது.
எடுவினா குறட்டை விட்டாள்,
ஆலைச் சங்குபோல்.

அறிக்கை முழுக்க நான் எழுதியிருந்த சொல்:
வீடு போல, வீடு போல.
ஒரு கட்டில்கூட வரையவில்லை.

விடிந்தும் காற்று அடங்கவில்லை.
அலுவலகத்தில் வடக்குச் சுவரை உடைத்து
ஐந்து கட்டில் வரைந்தேன்.
தொழில் பழக்கம், கை தானாகவே
ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டுப்போனது.
நிறுத்தி ரப்பரை எடுத்தேன்.
அழித்த பிறகும் தாளில் தடம் இருந்தது,
தடவினால் தெரிகிற அளவுக்கு.