தனியா

பாரிமுனையில் இறங்கியதும்
முதலில் கேட்டவர் ஆட்டோக்காரர்: 'தனியாவா?'
பிறகு படிக்கட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்.
பிறகு மூன்றாம் மாடி மேஜையில் யோவேல்,
ஆதார் நகலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
கரூரிலிருந்து ஒரு பெண்
கல்யாணத்துக்கில்லாமல், ஆஸ்பத்திரிக்கில்லாமல், இன்டர்வியூவுக்கில்லாமல்
சும்மா வரக்கூடும் என்பதை நம்பாமல்.

ஆமாம், ஆமாம், ஆமாம்.
மூன்றாவது ஆமாம் தேய்ந்துபோயிருந்தது.

கொத்தவால்சாவடிக்குப் பின்னால் அந்த டார்மிட்டரி.
கீழே மசாலா கிடங்கு. மேலே ஆறு கட்டில்கள்,
மூன்றின் தலைமேல் மூன்று.
எல்லோருக்கும் சேர்த்து ஒரு பிளக் பாயின்ட்.

பதினேழு வருடம் ஏற்றுமதி விரிப்புகளில் பிசிறு தேடியவள் நான்.
படுக்கும் முன் விளிம்பைப் புரட்டிப் பார்த்தேன்.
அங்குலத்துக்கு எட்டுத் தையல்.
எங்கள் கம்பெனியில் லாட்டோடு திருப்பியிருப்போம்.
அதன்மேல்தான் அன்றிரவு
கைகால் பரப்பித் தூங்கினேன்,
யாருடைய அலாரத்துக்கும் பொறுப்பில்லாமல்.

இல்லை, பொய்.
தாழ்ப்பாளை மூன்று முறை பார்த்தேன்.
பர்ஸைத் தலையணை உறைக்குள் செருகினேன்.
பக்கத்துக் கட்டிலின் திரை அசையும்போதெல்லாம்
மூச்சை நிறுத்திக் கேட்டேன்.

மேல் கட்டிலில் லால்தன்மாவி, ஐஸ்வாலிலிருந்து.
போர்ட்பிளேர் கப்பலுக்குக் காத்திருக்கிறாள்.
கப்பல் நாளை. நேற்றும் கப்பல் நாளைதான்.
எதிரில் ஷஹனாஸ், கோழிக்கோட்டிலிருந்து
கடற்கரையோரமாகவே சைக்கிளில் வந்தவள்;
எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி
முழங்கையில் ஒரு கோடு போட்டிருந்தது.
இன்னொருத்தி திரையை விலக்கவே இல்லை.
நான்கு நாளும் பார்த்தது
ஒரு கொலுசும் வெடித்த குதிகாலும் மட்டும்.
பெயர் தெரியாது. குறட்டை தெரியும்.

லால்தன்மாவியிடம் மல்டிபிளக் இருந்தது.
சிநேகம் அப்படித்தான் தொடங்கியது,
மூன்று சதவீத சார்ஜில்.
அவளுடைய இந்தி எனக்குப் புரியாது.
என் இங்கிலீஷ் எனக்கே புரியாது.
நடுவில் ஷஹனாஸின் மலையாளம்
பலகைப் பாலம் மாதிரி ஆடிக்கொண்டு நின்றது.
செகண்ட் லைன் பீச்சில் ஒரு தட்டு அத்தோ வாங்கி
மூன்று முட்கரண்டிகளால் குத்திக்கொண்டிருந்தபோது
வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.
கேட்டாள். மென்றாள்.
'எலுமிச்சை போதல' என்பதுபோல் எதையோ சொன்னாள்.
அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

விடிய மூன்று மணி நேரம் இருக்கையில் காசிமேடு போனோம்.
ஐஸ் உடையும் சத்தம், டீசல்,
ஏலக்குரல் ஏறி ஏறி எங்கோ பட்டென நின்றுவிடும்.
கூடை சங்கராவின் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா
எங்கள் மூன்று முகங்களையும் பார்த்தாள்.
'ஒண்ணாவா வந்தீங்கோ?'
'இல்ல, தனியா' என்றேன்.
'தனியா' என்றாள் ஷஹனாஸ்.
லால்தன்மாவிக்கும் அந்தச் சொல் அதற்குள் பழகியிருந்தது.
'தனியா.'
'இன்னாமே இது, மூணு பேரு சேந்து தனியாவா?'
அவள் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கூடை வஞ்சிரத்தின் விலை மறந்துபோனது ஒருவனுக்கு.

கப்பல் வியாழக்கிழமை வந்தது.
நான் தூங்கும்போதே போயிருந்தாள்.
மல்டிபிளக்கை வைத்துவிட்டுப் போயிருந்தாள்,
மறந்தா, தெரிந்தா, தெரியவில்லை.
நம்பர் வாங்கியிருக்கவில்லை நாங்கள்.
ஷஹனாஸ் பழவேற்காடு பக்கம் பெடல் மிதித்தாள்.
அவள் போன தெருவில்
மூட்டை ஒன்று கிழிந்து கொட்டிக் கிடந்தது,
பழுப்பாக, உருண்டை உருண்டையாக.
'என்னண்ணே இது?'
'தனியா' என்றார் மூட்டைக்காரர்,
கூட்டிப் பெருக்கிக்கொண்டே.

கரூரில் நாங்கள் அதை மல்லி என்போம்.
நாற்பத்தொரு வயது வரை
அந்தச் சொல்லுக்கு எனக்கு ஒரே அர்த்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக் கடையில்,
கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த
நான்கைந்து பேருக்கு நடுவில் நின்று
'கால் கிலோ தனியா' என்றேன்.
கடைக்காரர் தராசிலிருந்து நிமிர்ந்தார்.
'தனியாவா?'

'ஆமா.'