இரண்டாம் வரிசை

ஹாலே நகர மேடையில் பதினோரு வருடம்
மூன்றாவது தூதன், இரண்டாவது காவலன்.
குரல் மட்டும் முதல் தரம்.
அந்தக் குரலே வேண்டாத வேலைக்குத்தான்
பெர்லினிலிருந்து ஆள் வந்தது:
நாளுக்கு இருபது மார்க், மதியம் சூப்.

கண்ணாடிக் கூரை. ஜூலை வெயில்.
முகத்துக்கு மஞ்சள் அப்பினார்கள், உதட்டுக்கு நீலம்.
அன்றைய படச்சுருளுக்குச் சிவப்பென்றால் கரி,
வெளிர்நீலமென்றால் சுண்ணாம்பு.
ஆர்னுல்ஃப் பெட்ஸ்கேயின் வெளிர்நீலக் கண்கள்
திரையில் வெந்த முட்டைகள்.
ஆகவே குருடன், பேய்,
கடலில் செத்துத் திரும்பிய மாலுமி,
மறுபடியும் குருடன்.

சாகும்போது எதையாவது முணுமுணுக்க வேண்டும்.
எதை என்று யாரும் சொல்லவில்லை.
எழுத்து அட்டை பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும்:
'மகளே, உன்னை மன்னித்தேன்.'
அவர் சொன்னது:
'பூட்ஸ் கடிக்கிறது. இந்தச் சனியனை எப்போது முடிப்பீர்கள்?'

கெம்னிட்ஸிலிருந்து கடிதம் வந்தது.
ஒட்டிலி ஸைடல், கையுறை தைப்பவள்.
ஆறு வயதில் ஒரு காய்ச்சல்
இரண்டு காதையும் கொண்டுபோயிருந்தது.
'அரங்கமே அழுதது ஐயா. நான் சிரித்தேன்.
வெளியே தள்ளிவிட்டார்கள்.
பூட்ஸுக்குள் பன்றிக்கொழுப்பு தடவிப் பாருங்கள்.'

தடவினார். கடி நின்றது.

அடுத்த படத்தில் தூக்குக் கயிறு கழுத்தில் இறங்கும்போது
'கொழுப்புக்கு நன்றி' என்றார்.
விடுதியில் முட்டைக்கோஸ் நாற்றம் என்றார், ஒரு திருமணக் காட்சியில்.
பேயாக வந்து, ஊரே அலறிய நேரத்தில்,
அம்மா போய்விட்டாள் என்றார்.
ஒரு ஆகஸ்டில் ரொட்டி விலை சொன்னார்;
படம் கெம்னிட்ஸ் சேர்வதற்குள்
அந்த விலைக்கு ஆறு சுழியம் முளைத்திருந்தது.
இதெல்லாம் அவள் கடிதங்களிலிருந்து தெரிவது.
முன்வரிசையில் உதடு கோணும்,
எனக்கு இரண்டாம் வரிசைதான் என்று எழுதுகிறாள்.
சந்தித்தார்களா? தெரியவில்லை.

பிறகு ஒலி வந்தது.
மைக்கைப் பூந்தொட்டிக்குள் ஒளித்தார்கள்.
பெட்ஸ்கே வாய் திறந்ததும்
ஒலிப்பெட்டியின் முள் எகிறி முட்டியது.
'மெதுவாகய்யா, இது மேடையில்லை.'
மெதுவாக, கொடுத்ததை மட்டும்,
ஒரு எழுத்துப் பிசகாமல்,
'மகளே, உன்னை மன்னித்தேன்.'

அரங்கம் முதன்முறையாக அவரைக் கேட்டது.
'என்ன கோபம் என் மேல்?'
என்பது அவளுடைய கடைசிக் கடிதம், ஒற்றை வரி.

சுருள்களை வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள்.
மிச்சம் ஒரு தகர டப்பா, நாற்பது விநாடி.
படிக்கட்டில் சரிந்து கிடக்கிறார், கண் வெள்ளையாக.
உதடு கூடுகிறது, பிரிகிறது, மறுபடி கூடுகிறது.
ஆறு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

எனக்கு இரண்டு காதும் நன்றாகவே கேட்கும்.