'த' இல்லாத கடல்

ஹல் நகரம். ஒன்பதாம் வார்டு. பிப்ரவரி.
என் காலில் நான்கு கம்பி.
எதிர்க் கட்டிலில் கிளிஃபர்ட் ஆக்ஸ்டொபி,
முப்பத்தொரு வருடம் ஆழ்கடலில் வலை இழுத்தவர்.
மூளையில் ஒரு குழாய் அடைத்ததில்
பெரிய சொற்கள் நீந்திக் கரையேறிவிட்டன,
சின்னவை மூழ்கிவிட்டன.

கப். மேசை. டீ. சூடு.
அவர் பேச்சு அவ்வளவுதான்.
எது எதன்மேல், எது எதற்குள்,
ஏதோ ஒரு கப்பா, நேற்று விளிம்பு உடைந்ததே அந்தக் கப்பா,
கேட்பவர்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

செவ்வாயும் வியாழனும் டாம்சின் வருவாள்,
பேச்சுப் பயிற்சிக்காரி, கார்ன்வால் பெண்.
சீட்டுக்கட்டு மாதிரிப் பட அட்டைகளை விரிப்பாள்.
"பூனை எங்கே, மிஸ்டர் ஆக்ஸ்டொபி?"
"பூனை... பாக்ஸ்."
"மூன்று படி. இன். த. பாக்ஸ்.
இரண்டைத் தாண்டிக் குதிக்கிறீர்கள்."
அவர் ஏணியில் கால்வைப்பவர்போல் வாய் திறப்பார்.
'இன்' வரும்.
பிறகு மூச்சு மட்டும் வரும்.
பிறகு பாக்ஸ்.

தாளில் கணக்கு எழுதினாள்:
விடுபட்ட 'த', நாற்பதுக்கு முப்பத்தெட்டு.

அந்தத் தாளைத் தலைகீழாகவே படித்துவிட்டு
பெரில் சிரித்தாள், அவர் மனைவி,
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்.
"இந்த ஊரில் எவன் கண்ணு 'த' சொல்றான்?
'டவுன் ரோட்' போவோம், 'ஆன் பஸ்' ஏறுவோம்,
கெட்டிலுக்கும் கிடையாது, கடவுளுக்கும் கிடையாது.
கல்யாண நாளன்னைக்கே இவன் அதைச் சொல்லலை.
முப்பத்தெட்டுல ஊரோடது எத்தனை,
ரத்தக்கட்டியோடது எத்தனைன்னு
முதல்ல பிரிச்சுச் சொல்லு."

டாம்சின் பைக்குள் ரப்பர் தேடினாள்.

அன்றிரவு கம்பி குத்தியது, தூக்கம் இல்லை.
நானும் கிளிஃபும் 'இன் ஹாஸ்பிட்டல்'.
பெரில் 'இன் த ஹாஸ்பிட்டல்'.
'த' வைத்திருப்பவள் ஏழரைக்குப் பேருந்து பிடிக்கலாம்,
இல்லாதவனுக்கு எட்டு மணிக்கு மாத்திரை.
சிறையிலும் இதே சட்டம்:
கைதிக்கு 'த' கிடையாது, பார்க்க வந்த தங்கைக்கு உண்டு.
பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கிடையாது,
கூரை ஒழுகினால் பார்க்க வந்தவனுக்கு உண்டு.
'ஆன் த வே' என்றால் அவன் வந்துகொண்டிருக்கிறான்,
'இன் த வே' என்றால் குறுக்கே நிற்கிறான்.
ஓர் உயிரெழுத்து புரண்டால் விருந்தாளி இடைஞ்சல்.
யார் எழுதினார்கள் இந்த ஒப்பந்தத்தை,
யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள்?

என் மொழியில் இந்தப் பொடிசுகள்
சொல்லின் வாலைக் கடித்துக்கொண்டு கிடக்கும்.
'இல்' என்றால் உருபு,
'இல்' என்றால் வீடு,
'இல்' என்றால் இல்லை.
மூன்றையும் மாற்றிமாற்றிச் சொல்லிக்கொண்டே
எப்போதோ கண்ணயர்ந்தேன்.

அடுத்த வியாழன் புது அட்டை.
அலைமேல் ஒரு படகு, அதில் மஞ்சள் சட்டைக்காரன்.
கரையில் குடை பிடித்த ஒருத்தி.
"இவன் எங்கே?"
கிளிஃப் யோசிக்கவே இல்லை.
"அட் ஸீ."
இரண்டே சொல். ஒன்றும் குறையவில்லை.
தொழிலுக்குப் போனவனின் கடலுக்கு
லண்டனிலும் 'த' போடமாட்டார்கள்.
டாம்சின் பேனாவைத் தூக்கியவள் தூக்கியபடி இருந்தாள்.

"சரி, இவள்?"
அவர் குடைக்காரியைப் பார்த்தார்.
பெரிலைப் பார்த்தார். திரும்ப அட்டையை.
தாடை இழுத்தது. கழுத்து நரம்பு புடைத்தது,
வலை கனமாக ஏறும்போது புடைத்திருக்குமே, அப்படி.
"அட்..."
எதிர்க் கட்டிலில் நானும் மூச்சை அடக்கினேன்.
"அட்... த... ஸீ."

பெரில் முகத்தைச் சுளித்தாள்.
"என்னய்யா, பிபிசியில செய்தி வாசிக்கப் போறியா?"
கைக்குட்டை அகப்படாமல்
கோட்டுக் கையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

டீ ஆறிக்கொண்டிருந்தது,
அந்த மேசையின்மேல்,
விளிம்பு உடைந்த அந்தக் கப்பில்.